பாடசாலை மூடிய நாளில் வீட்டுக்கல்வி

கல்வி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்மனோர் உள்ளத்தில் எழுவன மணியோசையும், வரிசையாக இடப்பட்ட வாங்குகளும், கரும்பலகையுமேயாம். கல்லூரி மலரொன்றில் எழுதப் புகுந்தவன் இவற்றைக் குறைத்துப் பேசத் துணியான். ஆயினும், இத்துறைமுகப் பகுதியின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவார்க்கு ஓர் உண்மை தெற்றெனப் புலப்படும். ஒரு மனிதனின் ஆயுட்காலத்துள் இங்கே பாடசாலை வாழ்வு பன்முறை தடைப்பட்டுள்ளது.

1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. மக்கள் பலர் ஊரைவிட்டு அகன்றனர். 1983 இலும் 1990 இலும் வன்செயல்கள் குடும்பங்களைச் சிதறடித்தன. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. 2006 இல் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். சம்பூரார் பலர் தம் மண்ணை மீண்டும் மிதிப்பதற்குச் சற்றேறக்குறைய பத்து ஆண்டுகள் சென்றன. அப்பத்தாண்டில் ஒரு குழந்தை அரிச்சுவடியில் தொடங்கிச் சாதாரண தரப் பரீட்சை வரை வந்துவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள். பின்னர், 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 இல் எரிபொருட் தட்டுப்பாட்டால் மீண்டும் வகுப்புகள் தடைப்பட்டன.

ஆகவே, வீட்டிலிருந்து பிள்ளைக்குக் கற்பித்தல் என்பது நமக்கு மேனாட்டுப் புதுமையன்று. திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டும் தேவையாகும். மேனாடுகளிலே சில பெற்றோர் தம் விருப்பத்தால் பிள்ளைகளை வீட்டிலேயே கற்பிக்கின்றனர். இங்கிலாந்தில் 1944 இல் இயற்றப்பெற்ற கல்விச் சட்டம், பாடசாலைக்கு அனுப்பாது வேறு வகையால் தக்க கல்வி அளிப்பதற்கும் இடங்கொடுத்தது. நம் நாட்டிலோ 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலை செல்லுதல் கட்டாயமாக்கப்பட்டது. 2016 இல் அவ்வெல்லை 16 வயது வரை உயர்த்தப்பட்டது. அது நல்ல சட்டமே. எனவே, இங்கு யாம் கூறப்புகுவது பாடசாலைக்கு மாற்று அன்று. பாடசாலை மூடியபோது பிள்ளையின் கல்வி அறுந்துபோகாமல் காக்கும் வழியே. அது பாடசாலை திறந்திருக்கும் நாளிலேயே பழக்கத்தில் இருத்தல் வேண்டும். வெள்ளம் வந்தபின் வரம்பு கட்டுதல் இயலாதன்றோ?

இதனைச் சொல்லும்போது தாய்மார் பலர் கூறும் விடை ஒன்றுண்டு: "நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், என்னால் என்ன சொல்லிக்கொடுக்க இயலும்? பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பக் காசுதான் தேட வேண்டும்." இவ்விடையே நம் பிள்ளைகளுக்குப் பெருங்கேடு விளைப்பது என்பது எம் கருத்து.

பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் ஒருவர், மாணாக்கரோ பலர். சற்று முன்னேறிய சட்டாம்பிள்ளை ஏனைய சிறுவர்க்கு எழுத்தைக் காட்டி, அவர்கள் மணலில் எழுதுவதைப் பார்த்து, ஒப்புவிப்பதைக் கேட்டுத் திருத்துவான். சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றை நடத்திய அந்திரு பெல் என்னும் பாதிரியார், நம் சிறுவர் மணலில் எழுதிப் பழகும் வழக்கத்தைக் கண்டு வியந்து தம் விடுதியிலும் அதனைக் கைக்கொண்டார். சிறுவரைக் கொண்டே சிறுவர்க்குக் கற்பித்தார். 1797 இல் அதுபற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். அம்முறை சென்னை முறை என்னும் பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவிற்று. முக்காற்பங்கு கற்ற சிறுவன் காற்பங்கு கற்ற சிறுவனுக்கு ஆசானாகலாமெனின், எட்டாம் வகுப்புக் கற்ற தாய் தன் ஏழு வயது மகளுக்கு ஆசானாகத் தடை யாது? பிள்ளை வாசிக்கும்போது அருகிருந்து கேட்பதற்குப் பட்டம் வேண்டுவதில்லை.

மறுகோடிக்கும் செல்லலாகாது. ஆங்கில அறிஞர் யோன் சுதுவாட் மில் என்பாருக்கு அவர் தந்தையார் மூன்று வயதிலேயே கிரேக்க மொழி கற்பித்தார். மகன் பேரறிஞரானார் என்பது மெய். இருபதாம் வயதில் உளச்சோர்வுற்று வாடினார் என்பதும் மெய். விளையாட்டு நேரத்தைப் பறித்துக் கற்பிப்போர் இதனை நினைவிற் கொள்க.

இனி, எங்ஙனம் தொடங்குவது? தமிழ் எழுத்துக்கள் 247 என்று சொல்லிக் குழந்தையை அச்சுறுத்த வேண்டா. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. ஏனையவை பெரும்பாலும் ஒழுங்கான குறிகளால் ஆவன. ட, ப, ம, ய என வளைவு குறைந்த எழுத்துக்களை முதலில் காட்டினால், ஒரு கிழமைக்குள் படம், மடம், பட்டம், பயம் எனக் குழந்தை தானே வாசிக்கும். தான் வாசித்தேன் என்னும் மகிழ்ச்சி நூறு அதட்டலினும் வலிது. கணக்குக்குச் சமையலறையே போதும். சுண்டினால் அரிசியை அளந்து கொத்தை நிரப்பச் செய்க. பின்னர் அதே அரிசியைத் தராசில் நிறுக்கச் செய்க. பின்னமும் விகிதமும் அங்கேயே தோன்றும்.

வானமும் கடலும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வாய்த்த பெருநூல்கள். இறங்குதுறைத் தூணிலே நீர்மட்டத்தைச் சுண்ணக்கட்டியால் நாடோறும் குறித்து வரச் செய்யுங்கள். நம் கரையில் வற்றுப்பெருக்கின் உயரம் ஒரு மீற்றரினுங் குறைவு. ஆயினும், கூர்ந்து நோக்கும் பிள்ளை, நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறுவதையும், நேற்றைய வேளையினும் இன்று ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துவதையும் தானே கண்டுபிடிக்கும். அப்பிந்துதலுக்குச் சந்திரனே காரணம் என்று அதன்பின் சொன்னால், அப்பாடம் ஒருகாலும் மறவாது. முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, நண்பகல் நிழலை அளந்து வாருங்கள். நம் நகர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகை அளவில் இருத்தலால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆகத்து மாத இறுதியிலும் அக்கோலின் நிழல் உச்சிவேளையில் மறைந்துபோகும். அவ்விரு காலங்களுக்கும் இடையில் நிழல் தெற்கே விழும். ஏனைய மாதங்களில் வடக்கே விழும். பூமியின் சாய்வை விளக்க இதனினும் மலிவான கருவி யாதுளது? கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒரே வெப்பத்தன அல்ல; வெப்பமானி ஒன்றைக் கொண்டு சென்றால் ஓர் அட்டவணை வரைவதற்கு வேண்டிய அளவுகள் கிடைக்கும். கோட்டை வாயிலில் இணைக்கயல் உருவத்தோடு பொறிக்கப்பட்டுள்ள தமிழ்க் கல்வெட்டின் எழுத்துக்களை வாசிக்க முயலும் பிள்ளைக்கு, 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்த வரலாறு வெறும் ஆண்டுக் குறிப்பாக இராது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு உறுதி தரும் சான்று நம் கல்லூரியின் முன்னாள் அதிபருள் ஒருவராகிய விபுலாநந்த அடிகளார். காரைதீவில் 1892 இல் மயில்வாகனனாகப் பிறந்த அவர், 1916 இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும், 1920 இல் இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் சித்தியடைந்தார். மதுரையிலோ இலண்டனிலோ வகுப்பில் அமர்ந்து கற்றாரல்லர். தொழிலோடு தனியே பயின்று, புறநிலையில் தோற்றிப் பெற்றவை அவை. இன்றும் பொதுத் தராதரப் பரீட்சைகளுக்குப் பாடசாலை வாயிலாகவன்றித் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம். இடப்பெயர்வால் படிப்பை விட்ட இளைஞர் பலர் இதனை அறிந்தாரில்லை.

நூல் இல்லை என்பாருக்கும் வழியுண்டு. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்படுகின்றன; கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அவற்றை மின்வடிவிலும் தருகின்றது. ஆசிரியர்க்கெனத் தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் வழிகாட்டிகளைப் பெற்றோரும் வாசிக்கலாம். எந்தப் பாடத்தில் எது முதன்மை என்பது அவற்றால் விளங்கும். ஈழத்துத் தமிழ் நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் 2005 முதல் திரட்டிவரும் நூலகம் என்னும் மின்னூலகம், எவரும் காசின்றி வாசிக்கத் திறந்துள்ளது.

ஆனால் 2020 இல் நாம் கண்டது யாது? பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வந்தன. ஒரு தொலைபேசியும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டில், அத்தொலைபேசியும் தந்தையோடு தொழிலுக்குச் சென்றுவிட, அப்பாடங்களால் ஆவது யாதுமில்லை. அச்சிட்ட நூலும் அருகிருந்து கேட்கும் ஒருவருமே அவ்வீடுகளுக்கு உதவுவர்.

இவ்விடத்தே பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் பிள்ளைகள் படித்து முடித்த பாடநூல்களும், கடந்தகாலப் பரீட்சை வினாத்தாள்களும் பரண்மேற் கிடக்கின்றன. அவற்றை வகுப்பு வாரியாகக் கட்டி, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி முதலிய இடங்களில் நமக்குத் தெரிந்த குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போமாக. வீட்டு விறாந்தையில் இடமுள்ளோர், மாலையில் இரண்டு மணிநேரம் விளக்கேற்றி, அயற்பிள்ளைகள் இருந்து வாசிக்க விடலாம். ஓய்வுபெற்றோர் கிழமைக்கு ஒரு நாள் அங்கு வந்து, பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டால் அதுவே போதும், பிரசங்கம் வேண்டுவதில்லை.