ஐயுறும் நண்பன்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். விடுமுறையில் சித்தூர் செல்லும் என்போன்ற மாணவர்க்கு இத்தொலைவு இன்று ஒரு தடையன்று. வீட்டில் அமர்ந்தபடியே திருப்பதி ஆய்வுக்கூடத்துக் கணினியை இயக்குகிறோம். முதல்நாள் இட்ட கணக்கின் விடையை மறுநாள் எடுத்துக்கொள்கிறோம். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிவைக்கப்பெற்ற மீக்கணினிக்குப் ‘பரம் பொருள்’ என்று பெயர். அத்தகைய கணினிகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து வேலை செய்வார் எவருமிலர். யாவரும் தொலைவில் நின்றே கதவைத் தட்டுகின்றனர். அவ்வாறு தட்டும் முறையே எஸ்.எஸ்.எச். என்பது.

இம்முறை பிறந்தது 1995இல். அதற்கு முன் வழக்கிலிருந்த டெல்நெட் முறையில், நாம் தட்டச்சிடும் கடவுச்சொல் மூடாத அஞ்சலட்டைபோல் கம்பிவழியே சென்றது. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் எவரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடினர். அதனைக் கண்ட தாத்து யுலோனென் என்பார், செய்தி முழுவதையும் மறைமொழியாக்கி அனுப்பும் இம்முறையை வகுத்தார்.

இம்முறையின் கணக்குகளை நாமே எழுத வேண்டுவதில்லை. வல்லோர் எழுதி வைத்த நிரல் நூலகங்கள் உள்ளன. சி மொழியில் எழுதுவோர்க்கு லிப்எஸ்எஸ்எச். பைத்தான் மொழியில் எழுதுவோர்க்குப் பாராமிகோ. பாராமிகோ என்னும் பெயர் எஸ்பெராந்தோ மொழியின் இரு சொற்களை இணைத்து ஆக்கியது. ‘எதனையும் ஐயுறும் நண்பன்’ என்பது அதன் பொருள். பெயர் வைத்தவர் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்.

இரகசியம் பிறக்கும் வகை

முன்பின் சந்தித்திராத இரு கணினிகள், ஊரே ஒட்டுக்கேட்கும் கம்பிவழியே, தமக்குள் ஓர் இரகசிய எண்ணை எவ்வாறு ஏற்படுத்திக்கொள்கின்றன? இதற்கு வழிகண்டு 1976இல் வெளியிட்டோர் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர். சிறிய எண்களால் இதனை விளக்குகிறேன்.

3, 17 என்னும் இரண்டும் யாவரும் அறிந்த எண்கள். சித்தூர்க் கணினி 4 என்ற எண்ணை மனத்துள் வைத்துக்கொள்கிறது. மூன்றை நான்கு முறை பெருக்கினால் 81. அதனைப் பதினேழால் வகுத்தால் மீதி 13. இந்த 13ஐ வெளிப்படையாக அனுப்புகிறது. திருப்பதிக் கணினி நினைத்தது 6. மூன்றை ஆறு முறை பெருக்கினால் 729, மீதி 15. அதனையும் வெளிப்படையாக அனுப்புகிறது. இனிச் சித்தூர், வந்த 15ஐ நான்கு முறை பெருக்கிப் பதினேழால் வகுக்கிறது, மீதி 16. திருப்பதி, வந்த 13ஐ ஆறு முறை பெருக்கி வகுக்கிறது. மீதி அதே 16! இந்த 16 கம்பியில் செல்லவேயில்லை. மெய்யான இணைப்பில் எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவை. ஆதலின் ஒட்டுக்கேட்பவன் அதனைக் கண்டுபிடித்தல் அரிது.

யாரோடு பேசுகிறோம்?

இங்கேதான் நாம் நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். மேற்சொன்ன கணக்கை எவனும் நம்மோடு போடலாம். இடையில் புகுந்த வஞ்சகன் ஒருவன், “நானே திருப்பதிக் கணினி” என்று சித்தூரிடமும், “நானே சித்தூர்” என்று திருப்பதியிடமும் சொல்லி, இருபுறமும் தனித்தனி இரகசியம் ஏற்படுத்திக்கொள்ளலாம். அப்போது செய்தி மறைமொழியில்தான் செல்லும். ஆனால் வஞ்சகனுக்கே செல்லும். கடவுச்சொல்லும் அவன் கையில். ஓராண்டு உழைத்துச் சேர்த்த ஆய்வுக் கோப்புகளும் அவன் கையில். பூட்டு உறுதியாக இருந்து பயனென்ன, பெட்டியைக் கள்வனிடமே ஒப்படைத்தால்?

இதனைத் தடுக்கவே ஒவ்வொரு வழங்கிக் கணினியும் தனக்கென ஓர் அடையாளத் திறவுகோல் வைத்திருக்கிறது. எண் பரிமாற்றம் நிகழும்போது அத்திறவுகோலால் ஒப்பமிட்டு அனுப்புகிறது. நம்மிடமுள்ள பட்டியலில் அவ்வடையாளம் இருக்கிறதா என்று பாராமிகோ பார்க்கும். இல்லையேல் இணைப்பை மறுத்துவிடும். அதுவே அதன் இயல்பான நடத்தை.

ஆனால் நம்முள் நடப்பதென்ன? கைமாறிக் கைமாறி வரும் நிரல்கள் பலவற்றில் ‘ஆட்டோ ஆட் பாலிசி’ என்றொரு வரி காணப்படுகிறது. “யார் வந்தாலும் ஏற்றுக்கொள்” என்பதே அதன் பொருள். அடையாளப் பட்டியலை ஏற்றாமலும் சேமிக்காமலும் அவ்வரியை மட்டும் எழுதினால், நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் அக்கணினியைப் புதிதாகவே சந்திக்கிறது. ஒவ்வொரு முறையும் கண்ணைமூடிக்கொண்டு நம்புகிறது. ஐயுறும் நண்பனின் வாயை நாமே கட்டிவிடுகிறோம்!

செய்ய வேண்டுவது எளிது. ஆய்வுக்கூடக் கணினியைக் காப்பவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ அதன் ‘கைரேகை’யைக் கேட்டுப் பெறுக. அது அடையாளத் திறவுகோலின் சுருக்கமாகிய ஓர் எழுத்துத் தொடர். முதன்முறை இணையும்போது திரையில் தோன்றுவதோடு அதனை ஒப்பிடுக. ஒத்திருந்தால் மட்டும் பட்டியலில் சேர்க்க. பிறகு நிரலில் அப்பட்டியலை ஏற்றச் சொல்லி, ‘ரிஜெக்ட் பாலிசி’ என எழுதுக. பின்னொரு நாள் “அடையாளம் மாறியுள்ளது” என்ற எச்சரிக்கை வந்தால், பட்டியலை அழித்துவிட்டு மேலே செல்லற்க. முதலில் காப்பாளரைக் கேட்க.

காவலனும் தவறுவான்

நூலகத்தை நம்பலாம்; ஆயினும் அதனைப் புதுப்பித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். 2018 அக்டோபரில் லிப்எஸ்எஸ்எச் நூலகத்தின் வழங்கிப் பகுதியில் ஒரு பிழை வெளிப்பட்டது. “என்னைச் சோதித்து உள்ளே விடுங்கள்” என்று கேட்க வேண்டியவன், “சோதனை முடிந்தது, வெற்றி” என்று தானே சொல்லிக்கொண்டான்; வழங்கியும் அதனை நம்பி உள்ளே விட்டது! திருமலையில் தரிசன வரிசைக்கு வந்த ஒருவர், “என் சீட்டைப் பார்த்தாகிவிட்டது” என்று காவலரிடம் தாமே கூறிவிட்டு நடந்ததை ஒக்கும் இது. 0.6ஆம் பதிப்பு முதல் இருந்த அப்பிழை 0.7.6, 0.8.4 பதிப்புகளில் திருத்தப்பட்டது. பழைய பதிப்பை மாற்றாதவர்க்கு அத்திருத்தத்தால் பயனில்லை.

ஆராயாது நம்புதலின் தீங்கை வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துச் சொன்னார். மனிதரைக் குறித்துச் சொன்னது கணினிக்கும் பொருந்துகிறது. மூத்த மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: இளையோர்க்கு நிரலைக் கொடுக்கும்போது, அது இணையவேண்டிய கணினியின் கைரேகையையும் உடன் எழுதிக் கொடுங்கள். அதற்கு ஒரு வரி போதும்.