நகச்சொத்தை: உள்ளே இருப்பது எந்தப் பூஞ்சை?

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் நடவு வயலில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குச் சேற்றுப்புண் புதிதல்ல. விரல் இடுக்கு வெள்ளையாக ஊறி அரிக்கும். அரிப்பு அடங்கியதும் மறந்துபோகும். அதில் பூஞ்சை இருந்தால் மெல்ல நகத்தின் அடிக்குப் போய்விடும். நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரம் பொடிந்து உதிரும்போதுதான் கவனிப்போம். பெரும்பாலும் வலிக்காது என்பதால் அப்போதும் வைத்தியரிடம் போகமாட்டோம்.

கால்நகச் சொத்தைக்குப் பெரும்பாலும் காரணம் ட்ரைக்கோபைட்டான் ரூப்ரம். நகத்திலுள்ள கெரட்டின் என்ற புரதத்தையே தின்று வாழ்வது. படர்தாமரையும் இதன் இனத்தார் வேலைதான். 1910-ல் இதை முதலில் விவரித்தவர், அப்போது கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி.

கைநகத்தின் கதை வேறு. பாத்திரம் தேய்ப்பவர், மீன் கழுவுபவர் என்று ஓயாமல் தண்ணீரில் கைவைப்பவர்களுக்குக் கான்டிடா என்ற ஈஸ்ட் வரும். நகக்கண் வீங்கி, பிறகு நகம் கெடும். திடீரென்று சீழ் கட்டித் தெறிக்கும் நகச்சுற்று இதுவல்ல. அது பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது.

மண்ணில் வாழும் பூஞ்சைகளும் உண்டு: ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ், நியோசைட்டலிடியம். வாழையில் வாடல் நோய் உண்டாக்குவதும் ஒரு ஃபியூசேரியம்தான். மண்வெட்டியோ கல்லோ பட்டுப் பெயர்ந்த நகம் இவற்றுக்கு வாசல். வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கு நியோசைட்டலிடியம் எளிதில் மசியாது.

அதனால்தான் மருந்துக்கடையில் நகத்தைக் காட்டி மாத்திரை வாங்குவது வீண் என்கிறேன். சொத்தை நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருபவை. மற்றவை சோரியாசிஸ், பழைய அடி போன்றவை. நகத்தின் அடியைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை உண்டா என்று தெரியும். எந்தப் பூஞ்சை என்பதற்கு அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். சில வாரம் ஆகும். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைத் தோல் பிரிவில் கேட்கலாம். சர்க்கரை நோயாளிகள் தள்ளிப்போடவே கூடாது. காலில் புண்ணாகி முற்றிவிடும்.

ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். ட்ரைக்கோபைட்டான் என்று உறுதியானால் டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் தினம் ஒன்று, கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம் என்பது வழக்கம்; ஈரல் நிலையைப் பார்த்து மருத்துவர் தருவார். மாத்திரை முடிந்த அன்றும் நகம் பழைய கோலத்தில்தான் இருக்கும். அடியிலிருந்து தெளிந்த நகம் வருகிறதா என்று பாருங்கள். கால்நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். புதுநகம் நுனியைத் தொட ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூடப் பிடிக்கும்.