மலையிலும் மணலிலும் பார்வையைக் காக்கும் கண்ணாடி வாஷர்: பழுது ஏற்படுவது ஏன்? சரிசெய்வது எப்படி?

மணாலி–லே நெடுஞ்சாலையில் பனி அகற்றப்பட்டுப் போக்குவரத்து தொடங்கியதும் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஜீப் ரக வாகனங்கள் லடாக்கை நோக்கிப் புறப்படுகின்றன. பயணத்துக்கு முன் டயர், பிரேக், பேட்டரி, எஞ்சின் ஆயில் ஆகியவை சோதிக்கப்படுகின்றன. கூடுதல் விளக்குகளுக்கும், சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சுக்கும் பல்லாயிரம் ரூபாய் செலவிடப்படுகிறது. முன்கண்ணாடியின் மீது நீரைப் பீய்ச்சும் வாஷர் அமைப்பு மட்டும் பெரும்பாலும் எவருடைய பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அது வேலை செய்யவில்லை என்பது, முன்னே செல்லும் லாரி சேற்றை வாரி அடித்த பிறகே தெரியவருகிறது.

நகரச் சாலையில் இது சிறு தொந்தரவு மட்டுமே. மலைப்பாதையில் நிலைமை வேறு. ஒருபுறம் பள்ளத்தாக்கு, எதிரே தாழ்ந்து இறங்கும் மாலை வெயில், கண்ணாடியில் பாதி காய்ந்த சேறு. இந்த மூன்றும் சேரும்போது ஓட்டுநருக்குச் சில விநாடிகள் சாலையே தெரியாமல் போகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் 10 மீட்டர் கடந்துவிடும். நீரின்றி வைப்பரை மட்டும் இயக்கினால் சேறு கண்ணாடி முழுவதும் பூசப்படுமே தவிர அகலாது.

ராஜஸ்தானின் பாலைப் பகுதியில் சேற்றின் இடத்தைத் தூசி பிடித்துக்கொள்கிறது. மணலின் முதன்மைக் கூறான குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தன்மையை அளக்கும் மோ அளவுகோலில் 7 என்ற இடத்தில் உள்ளது. கண்ணாடியின் கடினத்தன்மை ஏறத்தாழ 5.5 மட்டுமே. எனவே உலர்ந்த தூசியின் மீது வைப்பர் ஓடும் ஒவ்வொரு முறையும் மணல் துகள்கள் கண்ணாடியைக் கீறுகின்றன. பகலில் கண்ணுக்குப் புலப்படாத அந்தக் கீறல்கள், இரவில் எதிர்வரும் விளக்கொளியைச் சிதறடித்துக் கண்ணைக் கூசச் செய்யும். கீறல் ஆழமாகிவிட்டால் கண்ணாடியையே மாற்ற நேரிடும்.

எளிய அமைப்பு, கடுமையான சூழல்

வாஷர் அமைப்பில் சிக்கலான பாகம் எதுவுமில்லை. ஒரு பிளாஸ்டிக் டேங்க், அதன் அடிப்பகுதியில் ரப்பர் வளையத்துக்குள் பொருத்தப்பட்ட 12 வோல்ட் பம்ப், அங்கிருந்து பானெட் வரை செல்லும் மெல்லிய குழாய், நீர் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ஒருவழி வால்வு, குழாயை இரண்டாகப் பிரிக்கும் டி வடிவ இணைப்பு, முடிவில் நாசில்கள். ஓட்டுநர் வைப்பர் லீவரை இழுத்ததும் மின்சாரம் ஃபியூஸ் வழியாக மோட்டாரை அடைகிறது. மோட்டார் சுழன்று நீரைத் தள்ளுகிறது.

ஆயினும் ஆஃப்-ரோடு வாகனங்களில் இந்த அமைப்பு படும் பாடு அதிகம். பல வாகனங்களில் டேங்க் முன்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உட்புறத்தில் மறைவாக வைக்கப்பட்டுள்ளது. சக்கரம் வாரியிறைக்கும் கல்லும் சேறும் நேரே அங்குதான் சென்று தாக்குகின்றன. ஓடைகளைக் கடக்கும்போது பம்பின் மின் இணைப்பு நீரில் மூழ்குகிறது. இடைவிடாத குலுக்கலில் டேங்கைத் தாங்கும் பிளாஸ்டிக் காது விரிசல் விடுகிறது. ஜீப் ரக வாகனங்களின் முன்கண்ணாடி ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால் சேறும் பூச்சிகளும் நேராக வந்து மோதுகின்றன. கார்களைவிட இவற்றுக்கு வாஷரின் தேவையும் கூடுதல்.

முதலில் காது, பிறகு கண்

நீர் வரவில்லை என்றவுடன் பம்பை மாற்றிவிடுவது பல பணிமனைகளின் வழக்கம். பல நேரங்களில் அது வீண் செலவு. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, லீவரை இழுத்துச் செவிகொடுத்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

மோட்டாரின் ரீங்காரம் கேட்டும் நீர் வரவில்லையெனில், பழுது பெரும்பாலும் மின்சாரத்தில் இல்லை. நீரின் பாதையில் உள்ளது. டேங்கில் நீர் இருப்பதை உறுதிசெய்த பின், பம்பின் வாயிலிருந்து குழாயைக் கழற்றி மீண்டும் இயக்க வேண்டும். அங்கே நீர் வேகமாகப் பீறிட்டால் பம்ப் நலமாக உள்ளது என்று பொருள். அடைப்போ கசிவோ அதற்கு மேலே எங்கோ இருக்கிறது. குழாயை மீண்டும் பொருத்திவிட்டு, டி இணைப்பிலும் பின்னர் நாசிலின் அடியிலும் கழற்றிப் பார்த்துக்கொண்டே சென்றால், நீர் எந்த இடத்தில் நிற்கிறது என்பது தானாகவே தெரியும்.

குழாயைப் பொறுத்தவரை சந்தேகத்துக்குரிய இடங்கள் சில உண்டு. பானெட் திறந்து மூடும் கீல் அருகே குழாய் நசுங்கி மடியும். எஞ்சின் வெப்பத்தில் இறுகிப்போன ரப்பர், இணைப்புகளில் வெடிக்கும். முன்கண்ணாடியை மடக்கக்கூடிய பழைய ஜீப்புகளில் மடிப்புக்கு அருகே செல்லும் எந்தக் குழாயும் நசுங்க வாய்ப்புண்டு. நிறுத்திவைக்கப்பட்ட வாகனங்களில் எலிகளின் கைவரிசையையும் மறந்துவிடக்கூடாது. வெடித்த பகுதியை வெட்டியெறிந்து, மீன்தொட்டிக்குக் காற்று செலுத்தப் பயன்படும் பிளாஸ்டிக் இணைப்பான் அளவில் பொருந்தினால் அதைக்கொண்டு இணைத்துவிடலாம். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தச் சிறு பொருள் பயணத்தின் நடுவே பேருதவியாக இருக்கும்.

லீவரை இழுத்தபின் இரண்டு மூன்று விநாடிகள் தாமதித்தே நீர் வருகிறதெனில் ஒருவழி வால்வு பழுதடைந்துள்ளது. குழாயில் நிற்க வேண்டிய நீர் டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. புதிய வால்வில் அம்புக்குறி இருந்தால் அது நாசிலை நோக்கியே இருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் ஒரு துளி நீரும் வராது.

இன்னொரு பழுது விநோதமானது. தொடக்கத்தில் நன்றாகப் பீய்ச்சும் வாஷர், சில முறை இயக்கியதும் வலுவிழந்து நின்றுவிடும். டேங்க் மூடியில் காற்று நுழைவதற்கான வழி சேற்றால் அடைபட்டிருப்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம். உள்ளே வெற்றிடம் உருவாகி நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மூடியைத் திறந்ததும் வாஷர் உயிர்பெற்றால் பழுது எங்கே என்பதில் ஐயமில்லை.

ஓசையே எழவில்லையெனில் கவனம் மின்சாரத்தின் பக்கம் திரும்ப வேண்டும். முதலில் ஃபியூஸ். அது சரியாக இருந்தால் பம்பின் கனெக்டரைக் கழற்றி, ஒருவர் லீவரை இழுக்க மற்றொருவர் சோதனை விளக்காலோ மல்டிமீட்டராலோ மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் வந்தும் கனெக்டரை மாட்டியபின் பம்ப் சுழலவில்லையெனில் மோட்டார் இறுகிவிட்டது அல்லது எரிந்துவிட்டது. வரவில்லையெனில் எர்த் கம்பி, ரிலே, லீவருக்குள் இருக்கும் சுவிட்ச் ஆகியவற்றைத் தேட வேண்டும். ஓடைகளைக் கடந்துவந்த வாகனங்களில் கனெக்டரின் உலோக முனைகள் பச்சை படிந்திருப்பது வெகு சாதாரணம். அதைச் சுரண்டித் துடைத்தாலே பல பம்புகள் மீண்டும் இயங்கும். பழுதடைந்த ஃபியூஸுக்குப் பதிலாகக் கூடுதல் ஆம்பியர் கொண்டதைச் செருகுவது மட்டும் கூடாது. கம்பியே எரிய வழிவகுக்கும்.

பின்கண்ணாடிக்கும் வாஷர் உள்ள பல வாகனங்களில் ஒரே மோட்டார் ஒரு திசையில் சுழன்று முன்புறத்துக்கும், எதிர்த்திசையில் சுழன்று பின்புறத்துக்கும் நீரை அனுப்புகிறது. அத்தகைய வாகனத்தில் பின்புறம் நீர் வந்து முன்புறம் வரவில்லையெனில் மோட்டார் எரியவில்லை என்பது தெளிவு. புதிய பம்ப் பொருத்தும்போது இரு குழாய்களும் இடம் மாறிவிடாமல் முன்கூட்டியே அடையாளமிட்டுக்கொள்வது நல்லது. டேங்கின் அடியில் உள்ள ரப்பர் வளையத்தையும் அதே வேளையில் மாற்றிவிட வேண்டும். பழைய வளையத்தில் புதிய பம்பைத் திணித்தால் சில நாட்களில் நீர் சொட்டத் தொடங்கும்.

நாசிலும் ஊசியும்

நாசிலின் துளை மிகச் சிறியது. தூசியும் மெருகேற்றும் மெழுகும் உப்புப் படிவும் அதை எளிதில் அடைத்துவிடுகின்றன. ஊசியால் குத்தினால் அடைப்பு உள்நோக்கித் தள்ளப்பட்டு மீண்டும் திரும்பி வரும். குழாயைக் கழற்றிவிட்டு நாசிலின் வெளிப்புறத்திலிருந்து காற்றை எதிர்த்திசையில் செலுத்துவதே சரியான முறை. குழாயைக் கழற்றாமல் அழுத்தக் காற்றைச் செலுத்தினால் வால்வும் இணைப்புகளும் பிய்ந்துபோகும்.

உருண்டை வடிவ நாசில்களின் திசையை மெல்லிய ஊசியால் திருப்பலாம். நின்றிருக்கும் வாகனத்தில் நீர் கண்ணாடியின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே விழுமாறு அமைக்க வேண்டும். வாகனம் ஓடும்போது எதிர்க்காற்று அதைக் கீழே தள்ளிவிடும்.

டேங்கில் எதை ஊற்றுவது?

ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் நாசிலில் வெண்படிவாக உறைகின்றன. துணி சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றும் பழக்கம் நிலைமையை மோசமாக்குகிறது. தூள் முழுமையாகக் கரையாமல் பம்பின் வடிகட்டியில் கூழாகப் படிகிறது. உப்பகற்றிய நீருடன், கண்ணாடி கழுவுவதற்கென்றே விற்கப்படும் திரவத்தைக் குறிப்பிட்ட அளவில் கலப்பதே பாதுகாப்பானது. நீண்ட நாள் தேங்கிய வெறும் நீரில் கிருமிகளும் வளரும். கடுமையான நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்கும் வெறும் நீர் நிரப்பிய வாஷர் டேங்குக்கும் தொடர்பிருக்கலாம் என்று பிரிட்டனின் சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் 2010-ஆம் ஆண்டிலேயே எச்சரித்துள்ளனர்.

லடாக்கின் உயர்ந்த கணவாய்களில் கோடைக்கால இரவிலும் நீர் உறையக்கூடும். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால் பம்பின் உடலும் டேங்கும் பிளந்துவிடும். உறைந்த நிலையில் லீவரை இழுத்தால் மோட்டார் எரியவும் வாய்ப்புண்டு. எனவே உறைநிலைக்குக் கீழும் செயல்படக்கூடிய, ஆல்கஹால் கலந்த திரவத்தை நிரப்ப வேண்டும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. டேங்கில் புதிய திரவத்தை ஊற்றினாலும் குழாய்களுக்குள் பழைய நீரே நிற்கிறது. டேங்கை முழுவதும் வடித்துவிட்டு, புதிய திரவத்தை ஊற்றி, அது நாசிலில் வரும்வரை விட்டுவிட்டு இயக்க வேண்டும். பம்பைத் தொடர்ந்து 10 விநாடிகளுக்கு மேல் ஓட்டுவதும், நீரின்றி ஓட்டுவதும் மோட்டாரைக் கெடுக்கும்.

சரியான திரவம் இருந்தாலும் உறைந்த கண்ணாடியின் மீது ஓட்டத்தின்போது அதைப் பீய்ச்சக்கூடாது. எதிர்க்காற்றில் ஆல்கஹால் ஆவியாகி, எஞ்சிய நீர் ஒரு நொடியில் பனித்திரையாக உறைந்து பார்வையை முற்றிலும் மறைத்துவிடும். முதலில் டீஃப்ராஸ்டரை இயக்கிக் கண்ணாடியை வெதுவெதுப்பாக்க வேண்டும். வெந்நீரை ஊற்றிப் பனியைக் கரைக்க முயன்றால் கண்ணாடி விரிசல் விடும்.

எஞ்சின் கூலன்டை வாஷர் டேங்கில் ஊற்றுவோரும் உள்ளனர். அது கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போலப் படிந்து, இரவில் வெளிச்சத்தைப் பரப்பிவிடும். வாஷர் திரவம் வாங்கும்போது புட்டியில் மெத்தனால் உள்ளதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிதளவு உட்கொண்டாலும் பார்வையைப் பறிக்கக்கூடிய நஞ்சு அது. குடிநீர்ப் புட்டியில் மாற்றி ஊற்றி வண்டிக்குள் வைக்கும் வழக்கம் பயணக் குழுக்களிடையே உண்டு. குழந்தைகள் உடன் வரும் வாகனத்தில் அந்தப் புட்டி இருக்கவே கூடாது.