மூச்சடக்கி மூழ்குவோர் அறியவேண்டியவை

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனத்தார் கார் உற்பத்தியைத் தொடங்கியதற்குப் பின்னர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிவர, அவற்றில் வேலை செய்யும் பொருட்டுத் தென்கடற்கரை ஊர்களிலிருந்தும் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் வந்து, வாடகை அறைகளில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் வாலிபர்களில் பலர், வார விடுமுறை கிடைத்த மாத்திரத்தில் கிணற்றையோ, ஏரியையோ, கைவிடப்பட்ட கல்குவாரியில் தேங்கிய நீரையோ தேடிச் செல்கின்றனர். நீந்துவது சரீரத்திற்கு நல்லது. அதனை எவரும் தடுக்கவேண்டியதில்லை. ஆனால் நீந்திக் களித்தபின், நீருக்கடியில் அதிக நேரம் இருப்பவர் யார் என்று பந்தயம் கட்டி மூச்சையடக்கி மூழ்கும்போது, நன்றாக நீந்தத் தெரிந்தவரையே பலிகொள்ளத்தக்க ஓர் அபாயம் அங்கே புகுந்துவிடுகிறது.

முன்னறிவிப்பின்றி வரும் மூர்ச்சை

மூச்சை அடக்கிச் சிறிது நேரம் சென்றதும் நெஞ்சிலே எழுந்து, இனி ஒரு கணமும் பொறுக்கலாகாது என்று நம்மை மேலே துரத்துகின்ற தவிப்பு, பிராணவாயு குறைந்ததனால் உண்டாவது என்றே பெரும்பாலோர் எண்ணியிருக்கின்றனர். உண்மையில் அத்தவிப்புக்குப் பிரதான காரணம் இரத்தத்தில் கரியமிலவாயு சேர்வதுதான். பிராணவாயு குறைவதைச் சரீரம் மிக மந்தமாகவே உணர்கிறது. மூழ்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கிக்கொண்டால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று சிலர் செய்யும் உபாயம் இங்கேதான் விபரீதமாக முடிகிறது. இரத்தத்தில் முன்பே ஏறக்குறைய நிறைந்திருக்கும் பிராணவாயு இதனால் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. கரியமிலவாயு மாத்திரம் வெளியேறிவிடுகிறது. ஆகவே தவிப்பு தோன்றவேண்டிய நேரத்தில் தோன்றாமல், உள்ளே இருப்பவர் சௌக்கியமாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்போது, மூளைக்குப் போதிய பிராணவாயு கிட்டாமற்போய்ப் பிரக்ஞை தப்பிவிடுகிறது. அவர் கைகால்களை அடித்துக்கொள்வதில்லை, கூச்சலிடுவதுமில்லை. கரையில் இருப்போரோ, இன்னும் பந்தயத்தில்தான் இருக்கிறார் என்று கருதிவிடுகின்றனர்.

1961-ஆம் ஆண்டிலேயே ஆல்பர்ட் கிரெய்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், நீருக்கடியில் நீந்துகையில் மயங்கியவர்களைப் பற்றி ஆராய்ந்து, முன்கூட்டி மிகுதியாக மூச்சு வாங்குவதன் அபாயத்தை விளக்கியிருக்கிறார். இடுப்பளவு நீரிலும் இந்த மூர்ச்சை நேரக்கூடும்.

ஏறும் வழியில் பதுங்கியிருக்கும் ஆபத்து

நீரில் 10 மீட்டர் இறங்கியவரின் மேல் காற்றின் அழுத்தமும் நீரின் அழுத்தமும் சேர்ந்து, கரையில் இருந்ததைப்போல் இருமடங்கு அழுத்தம் உண்டாகிறது. அவருடைய சுவாசகோசத்திலுள்ள காற்றும் பாதியாகச் சுருங்குகிறது. அவ்வழுத்தத்தினால் பிராணவாயு எளிதில் இரத்தத்தில் கலப்பதால், ஆழத்தில் இருக்கும்வரை அவருக்கு யாதொரு குறையும் தெரிவதில்லை. செலவானது போக எஞ்சியிருக்கும் சொற்பப் பிராணவாயுவின் அழுத்தம், அவர் மேலே ஏற ஏற வேகமாக வீழ்ச்சியடைகிறது. வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் கடைசிச் சில மீட்டரில் மயக்கம் வருவதற்குக் காரணம் இதுவே.

மத்தியதரைக் கடலின் பாறைக் கரைகளில் மூச்சடக்கி மூழ்குதல் ஒரு விளையாட்டாகவே வளர்ந்து, 1976-இல் ஷாக் மயோல் என்ற பிரெஞ்சுக்காரர் எல்பா தீவருகே 100 மீட்டர் ஆழத்தை எட்டினார். அவ்விளையாட்டை முறைப்படி பயில்வோர், மூழ்குபவரை எதிர்கொண்டு உடன் ஏறிவர ஒரு துணைவரை நிறுத்துவதும், அவர் தலை வெளிவந்த பின்னரும் அரை நிமிஷமேனும் கண் வாங்காமல் கவனிப்பதும் ஏறும்போது வரும் இம்மயக்கம் பற்றியே.

காதும் கண்ணும்

இரண்டு மீட்டர் இறங்குவதற்குள்ளாகவே காதில் அழுத்தம் தோன்றிவிடும். மூக்கைப் பிடித்து வாயை மூடிக்கொண்டு மெல்ல ஊதினால், தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழல் திறந்து அழுத்தம் சமனாகும். வலி வருமுன்பே இதனைச் செய்யவேண்டும், பலாத்காரமாக ஊதலாகாது, அடைப்பு விலகாவிட்டால் மேலே வந்துவிடவேண்டும். ஜலதோஷம் உள்ளபோது இக்குழல் அடைபட்டிருக்குமாதலால், அந்நாட்களில் மூழ்காமலிருப்பதே விவேகம். செவிப்பறை கிழிந்து குளிர்ந்த நீர் உள்ளே சென்றால் தலைசுற்றி, மேல் எது கீழ் எது என்ற திசையே தவறிப்போகும். காதடைப்பான் வைத்துக்கொண்டு மூழ்குவதும் தவறு. மூக்கை மூடாத சாதாரண நீச்சல் கண்ணாடியை அணிந்து ஆழத்திற்குச் சென்றால், அதனுள்ளிருக்கும் காற்றைச் சமப்படுத்த வழியின்றிக் கண்ணில் இரத்தம் கட்டும்.

முத்துக்குளித்தோர் கைக்கொண்ட நியதி

கொற்கைக் காலந்தொட்டுப் புகழ்பெற்ற மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு, தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துபோயிற்று. அங்கே குளியாளர்கள் கல்லின் பாரத்தால் விரைந்து இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷம் மாத்திரமே அடியில் இருந்து சிப்பிகளைச் சேகரிப்பர். ஒருவர் மூழ்கும்போது மற்றொருவர் இளைப்பாறுவது வழக்கம். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்து, அது அசைந்ததும் இழுத்து மேலேற்றுவார். அக்கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுவது, உயிரை ஒப்படைக்கும் பொறுப்பு எத்தகையது என்பதை நம்முன்னோர் உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது. இராமநாதபுரக் கரையில் கடற்பாசி சேகரிக்கும் மாதரும் கூட்டமாகவே கடலுக்குச் செல்கின்றனர்.

நாமும் இவ்வழக்கத்தைப் பின்பற்றலாம். ஒருவர் மூழ்க, மூழ்காத ஒருவர் அவரையே கவனித்திருக்கவேண்டும். உள்ளே இருந்த நேரத்தைப்போல் இருமடங்காயினும் மேலே இளைப்பாறியபின்பே மறுபடி இறங்கவேண்டும். கரையில் நின்று பேசிக்கொண்டிருப்பவர் துணைவராகார்.

ஆலைத் தொட்டிகளிலும் அதே விதி

ஆலைகளில் நைட்ரஜன், ஆர்கான் முதலிய வாயுக்கள் நிரம்பிய தொட்டிக்குள்ளோ குழாய்க்குள்ளோ இறங்குபவர், மூச்சை அடக்காமல் தாராளமாகவே சுவாசிக்கிறார். கரியமிலவாயுவும் தங்குதடையின்றி வெளியேறுகிறது. ஆகவே பிராணவாயு கிட்டாதபோதும் தவிப்பு என்பதே இன்றி, ஓரிரு மூச்சிலேயே அவர் சுருண்டு விழக்கூடும். கழிவுநீர்த் தொட்டிகளிலோ விஷவாயுவும் சேர்ந்துகொள்கிறது. விழுந்தவரைத் தூக்க ஓடிச்சென்று இறங்குபவரும் அவ்வாறே வீழ்வதை நாம் செய்திகளில் அடிக்கடி காண்கிறோம்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 36-ஆவது பிரிவில், அடைபட்ட இடத்தில் அபாயகரமான வாயு இல்லையென்று தகுதி வாய்ந்தவர் சோதித்து எழுத்து மூலம் சான்று அளித்திருக்கவேண்டும், இன்றேல் இறங்குபவர் சுவாசக் கருவியும், கயிற்றோடு பிணைத்த கச்சையும் அணிந்து, அக்கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கவேண்டும் என்று விதித்தது. முத்துப் படகின் அனுபவம் கற்பித்ததையே சட்டமும் கற்பித்தது. உள்ளே இருப்பவரின் உணர்ச்சி அவருக்கு உண்மையைச் சொல்லாது. ஆதலின் வெளியே இருப்பவரின் விழிப்பே அவருக்குப் பாதுகாப்பு.

எவர் மூழ்கலாகாது?

வலிப்பு நோய், இருதய நோய், ஆஸ்துமா ஆகியவை உடையோரும், காதில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டோரும், கர்ப்பிணிகளும் வைத்தியரின் அனுமதியின்றி மூச்சடக்கி மூழ்குதல் கூடாது. மது அருந்தியவரும், இரவு ஷிப்டு முடித்து உறக்கமின்றி வந்தவரும் நீரில் இறங்குவதையே தவிர்க்கவேண்டும். செங்குத்தான ஓரங்களையுடைய கல்குவாரி நீரில் பிடித்து ஏறுவதற்கு இடமில்லை. ஆழம் தெரியாமல் தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்தெலும்பு முறியும்.

மயங்கியவருக்குச் செய்யவேண்டுவது

மயங்கியவரை முதலில் நீரிலிருந்து வெளியேற்றி, 108-ஐ அழைக்கச் சொல்லவேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதில் விலைமதிப்பற்ற நேரம் வீணாவதோடு, வாந்தி மூச்சுக்குழலில் புகவும் கூடும். அவர் மூச்சு விடவில்லையாயின் மல்லாத்திக் கிடத்தி, தலையைப் பின்சாய்த்து மோவாயை உயர்த்தி, மூக்கை அடைத்து வாயோடு வாய்வைத்து ஐந்து முறை ஊதவேண்டும். அதன்பின் மார்பின் மத்தியில் இரண்டு கைகளாலும் நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு 30 தடவை அழுத்தி, இரண்டு முறை ஊதி, உதவி வரும்வரை இவ்வாறே தொடரவேண்டும். கண் விழித்து எழுந்துவிட்டாலும் அவரை மருத்துவமனைக்கு அனுப்பாமல் விடலாகாது. சுவாசகோசத்தில் புகுந்த நீரின் தீங்கு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும். இந்த முதலுதவியைப் பயிற்சியாளர் முன்னிலையில் கையால் செய்து பழகுவதே பயன்தரும். ஆகவே ஒவ்வோர் அறையிலும் ஒருவராயினும், ஒவ்வொரு ஷிப்டிலும் சிலராயினும் இதனைக் கற்றுக்கொள்வார்களாக.