எட்டாம் நம்பர் நாற்காலி

2023 ஜூன் 7, புதன்கிழமை. வெயிலுக்குப் பயந்து பள்ளி திறப்பே தள்ளிப்போயிருந்த வாரம். மதியம் இரண்டரை மணிக்கு லண்டன் ஓவல் மைதானத்தில் டாஸ் போட்டார்கள். உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. ரோகித் சர்மா லெவனைச் சொல்லி முடிப்பதற்குள் புதுக்கோட்டை டீக்கடைகளில் பஞ்சாயத்து கூடிவிட்டது. டெஸ்ட் தரவரிசையில் உலகின் முதலிடத்தில் இருந்த பந்துவீச்சாளர் ரவிச்சந்திரன் அஷ்வின் வெளியே உட்கார்ந்திருந்தார்.

"நம்பர் ஒன் பவுலர எவனாச்சும் உக்கார வைப்பானா மாப்ள?"

"மேகம் மூடிக் கிடக்கு, பச்சப் பிட்ச்சு. அங்க ஸ்பின்னர் ரெண்டு பேரு எதுக்கு மாமா?"

"அப்ப ஜடேஜா எதுக்கு?"

இந்த மூன்றாவது கேள்வியில்தான் ருசி. அதற்குச் சரியாக எட்டு நாள் முன்பு, மே 30 அதிகாலையில், அகமதாபாத்தில் கடைசி இரண்டு பந்துகளில் பத்து ரன் வேண்டியிருந்தபோது சிக்ஸரும் ஃபோரும் அடித்துச் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஐந்தாவது கோப்பையை வாங்கிக்கொடுத்தவர் இதே ஜடேஜா. அன்றிரவு மஞ்சள் பனியனோடு வண்டியில் சுற்றி ஹாரன் அடித்தவர்களில் பாதிப் பேர், அடுத்த புதன்கிழமை அவரை "நம்ம ஆளு இடத்தைப் பிடிச்சவன்" என்றார்கள். ஐ.பி.எல்.லில் நம்ம வீட்டுப் பிள்ளை, டெஸ்டில் பக்கத்து வீட்டுக்காரன்!

மூன்று கட்சி

அஷ்வினா, ஜடேஜா என்ற வழக்கில் ஊருக்கு ஊர் மூன்று கட்சிகள் உண்டு. முதலாவது கணக்குக் கட்சி. 2021-23 சாம்பியன்ஷிப் சுற்றில் அஷ்வின் எடுத்தது 61 விக்கெட். அவருடைய மொத்த டெஸ்ட் விக்கெட்டுகளில் ஏறக்குறைய பாதி இடக்கை ஆட்டக்காரர்களுடையது. எதிரே நின்ற ஆஸ்திரேலிய அணியில் வார்னர், கவாஜா, ஹெட், கேரி என்று வரிசையாக இடக்கைக்காரர்கள். பிறகென்ன பேச்சு என்பார்கள் இவர்கள். இரண்டாவது பிட்ச் கட்சி. வெளிநாட்டில் ஒரே ஸ்பின்னர்தான், அவருக்கு பேட்டிங்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். மூன்றாவது கட்சிக்கு ஆதாரமே தேவையில்லை. "எல்லாம் வடக்கத்தி அரசியல்ணே" என்று சொல்லிவிட்டு டீக்கு காசு கொடுத்துப் போய்விடுவார்கள்.

அந்த இறுதிப் போட்டியில் கணக்குக் கட்சி ஜெயித்தது. இடக்கைக்காரரான டிராவிஸ் ஹெட் 163 அடித்தார், ஆஸ்திரேலியா 469-ஐத் தொட்டது, இந்தியா 209 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அஷ்வினை ஏன் விட்டார்கள் என்று புரியவில்லை என சச்சின் டெண்டுல்கரே வெளிப்படையாக எழுதினார். மூன்றாவது கட்சிக்காரர்கள் அதையும் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள்.

உண்மையில் இடத்தைப் பிடித்தது யார்?

ஸ்கோர் அட்டையை எடுத்துவைத்துப் பார்த்தால், மூன்று கட்சிகளுமே தப்பான ஆள்மீது வழக்குப் போட்டிருப்பது தெரியும். அன்று ஜடேஜா ஆடியது பேட்ஸ்மேன் வரிசையில், ஆறாவது இடத்தில். அஷ்வின் இறங்கியிருக்க வேண்டிய எட்டாம் நம்பர் நாற்காலியில் இருந்தவர் நான்காவது வேகப்பந்து வீச்சாளர் ஷர்துல் தாக்கூர். முதல் இன்னிங்ஸில் 51 அடித்துத் தன் தேர்வுக்கு அவர் கணக்கும் காட்டிவிட்டார்.

2021-இல் இங்கிலாந்துக்கு எதிராக அங்கே ஆடிய நான்கு டெஸ்டிலும் கதை இதுவே. நான்கிலும் நான்கு வேகம், ஒரு ஜடேஜா. கேப்டன் விராட் கோலி அஷ்வினை ஒன்றில்கூட இறக்கவில்லை. அந்தத் தொடரின் ஓவல் டெஸ்டில் ஷர்துல் 57, 60 என்று இரண்டு அரைசதம் அடித்தார். இந்தியா 157 ரன்னில் ஜெயித்தது. ஜெயித்த பிறகு எந்தக் கேப்டன் நாற்காலியை மாற்றிப் போடுவான்?

இதைக் குறை சொல்ல நமக்கும் யோக்கியதை கொஞ்சம் குறைவுதான். ஆலங்குடிப் பக்கமோ அறந்தாங்கிப் பக்கமோ, கோடையில் வற்றிய கண்மாயில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடக்கும்போது போய் நின்று பாருங்கள். ஒலிபெருக்கியில் அணிகளின் பெயர் வாசிக்கிறார்கள், பந்தலுக்குள் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. மரத்தடியில் கேப்டன் பத்துப் பேரை மளமளவென்று சொல்லிவிடுவார். பதினோராவது ஆளுக்குத்தான் இழுபறி. பந்தை நன்றாகச் சுழற்றுகிறவன் ஒருவன் நிற்பான். சுமாராகப் போட்டாலும் கடைசி ஓவரில் இரண்டு சிக்ஸர் பறக்கவிடுகிறவன் ஒருவன் நிற்பான். கேப்டன் தலையைச் சொறிந்துவிட்டு இரண்டாமவனைக் கூப்பிடுவார். "அடுத்த மேட்ச்சு உனக்குத்தான் தம்பி" என்று முதலாமவனுக்கு ஆறுதல். கோலி செய்ததும் இதைத்தான். அவர் நின்ற இடம் கண்மாய் இல்லை, அவ்வளவே.

அன்றைக்கு ஜெயித்தது சென்னை

"பேட்டிங்கும் வருமா?" என்ற இந்தக் கேள்வி அஷ்வினுக்காக யாரும் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. அரைநூற்றாண்டுக்கு முன் இது ஒரு தமிழருக்குச் சாதகமாகத் தீர்ப்பாகியிருக்கிறது.

1971-இல் அஜித் வடேகர் தலைமையில் இந்தியா வெஸ்ட் இண்டீஸுக்கும் இங்கிலாந்துக்கும் போனபோது ஆஃப் ஸ்பின்னர்கள் இருவர். ஒருவர் பெங்களூரின் பிரசன்னா. இருபதே டெஸ்டில் 100 விக்கெட் எடுத்தவர். இன்னொருவர் சென்னையின் வெங்கட்ராகவன். அணியின் துணைக் கேப்டன். வெங்கட் துல்லியம், பேட் பிடிப்பார், நெருக்கத்தில் நின்றால் கேட்ச் விடமாட்டார் என்றது ஒரு தரப்பு. பிரசன்னா மாதிரி பந்தைக் காற்றில் மிதக்கவிட்டு ஏமாற்ற யாரால் முடியும் என்றது மறு தரப்பு. வெஸ்ட் இண்டீஸ் தொடரில் வெங்கட் 22 விக்கெட் எடுத்தார். இங்கிலாந்தில் மூன்று டெஸ்டிலும் அவரே ஆடி 13 விக்கெட் எடுத்தார். பிரசன்னா ஒன்றில்கூட ஆடவில்லை. இரண்டு தொடரையும் இந்தியா வென்றது. பெங்களூர்க்காரர்களுக்கு அது அந்தக் காலத்து அஷ்வின் விவகாரம்.

இதில் வேடிக்கை, இருவரின் டெஸ்ட் பேட்டிங் சராசரியும் 11 ரன் சொச்சம்தான். கேட்ச்சில்தான் வித்தியாசம்: வெங்கட் 44, பிரசன்னா 18.

அதே வெங்கட்டையும் காலம் சும்மா விடவில்லை. 1974 டிசம்பரில் டெல்லி டெஸ்டில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக இந்தியாவின் கேப்டன் அவர். அடுத்த கல்கத்தா டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள். கேப்டனாக இருந்தவர் பதினைந்தே நாளில் தண்ணீர் பாட்டில் தூக்கிய கதை, பெஞ்சில் உட்கார்ந்த எல்லாருக்கும் ஆறுதல்.

தராசு இன்னும் ஆடுகிறது

2024 கடைசியில் ஆஸ்திரேலியா தொடரில் இந்தத் தராசு நிற்கவே இல்லை. பெர்த்தில் வாஷிங்டன் சுந்தர், அடிலெய்டில் அஷ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்டுக்கு மூன்று ஸ்பின்னர்கள். அதில் இருவர் சென்னைக்காரர்கள். பெர்த்தில் அஷ்வினை முந்தி வாஷிங்டன் வந்ததற்கும் பேட்டிங் ஒரு பெரிய காரணம். ஆனால் அன்று டீக்கடையில் வடக்கத்தி அரசியல் என்ற சொல் அதிகம் கேட்கவில்லை. வெளியே போனதும் நம்ம ஆளு, உள்ளே வந்ததும் நம்ம ஆளு. யாரைத் திட்டுவது?

டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்ததும் அஷ்வின் ஓய்வை அறிவித்துவிட்டார். 106 டெஸ்ட், 537 விக்கெட், 37 முறை ஐந்து விக்கெட், ஆறு சதம். ஆறு சதம் அடித்தவரைப் பேட்டிங்கைக் காட்டி வெளியே வைத்தார்கள் என்பதுதான் இந்த வழக்கின் உச்சம்.

அவர் போனதோடு வழக்கு முடிந்ததா? 2025 ஜூலையில் மான்செஸ்டர் டெஸ்டில் தோல்வியின் வாசலில் இருந்து இந்தியாவை மீட்டவர்கள் ஜடேஜாவும் வாஷிங்டனும். முன்னவர் 107, பின்னவர் 101, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. தமிழ்நாடு முழுக்கக் கைதட்டினோம். அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டிலும் வெளியே உட்கார்ந்திருந்தவர் குல்தீப் யாதவ். ஸ்பின் வித்தையில் அவர் யாருக்கும் சளைத்தவர் இல்லை. பேட்டிங்கில்தான் இந்த இருவர் அளவுக்கு வராது. 2023-இல் அஷ்வினுக்காக நாம் சொன்ன ஒவ்வொரு வரியையும் பெயரை மட்டும் மாற்றிக் கான்பூர்க்காரர்கள் சொல்லலாம். அவர்கள் சொன்னால் நாம் என்ன பதில் சொல்வோம்? "பச்சப் பிட்ச்சுண்ணே, பேட்டிங் வேணும்ல!"

எட்டாம் நம்பர் நாற்காலிக்கு ஊர் கிடையாது. விக்கெட் விழுந்துவிடுமோ என்ற பயம் கேப்டனுக்கு இருக்கும்வரை, அது சுமாராகச் சுழற்றி நன்றாக அடிக்கிறவனுக்கே போகும். நம்ம ஆளுக்கு அது கிடைக்கும் நாளிலும் தப்பு என்று சொல்கிறவர்தான் உண்மையான கணக்குக் கட்சிக்காரர். புதுக்கோட்டையில் அப்படி எத்தனை பேர் தேறுவார்கள் என்பது அடுத்த இங்கிலாந்துத் தொடரில் டாஸ் போட்ட பத்தாவது நிமிடம் தெரிந்துவிடும்.