களத்துக் காவற் காமிராவும் இராப் பூச்சிகளும்

பம்புசெட்டுக் கொட்டகை, நெற்களம், மாட்டுத் தொழுவம் முதலிய இடங்களில் கண்காணிப்புக் காமிராக்களை அமைக்கும் வழக்கம் விவசாயிகளிடையே இக்காலத்தில் பரவி வருகிறது. மோட்டாரின் செம்புக் கம்பி, களத்தில் குவித்த நெல், பட்டியில் அடைத்த ஆடு ஆகியவை இரவில் களவு போகாமற் காப்பதே இதன் நோக்கமாகும். ஆயினும் மழைக்காலம் தொடங்கியதும் அந்துப்பூச்சியும் ஈசலும் காமிராவை மொய்க்கின்றன. அவற்றை நாடி வரும் சிலந்தி அதன் முகத்தில் வலை பின்னிவிடுகிறது. இரவு முழுவதும் கைப்பேசியில் வீண் எச்சரிக்கை ஒலித்தவண்ணமிருக்கிறது. தூக்கம் கெட்டுச் சலிப்புற்ற விவசாயி அவ்வெச்சரிக்கையையே நிறுத்திவிடுகிறார். கள்வனுக்கு அனுகூலமான வேளை அதுவே.

இவ்வுபத்திரவத்திற்குக் காரணம் பெரும்பாலும் கருவியின் பழுதன்று. விளக்கு இருக்கும் இடமே. விளக்குப்பொறி வைத்து நெற்பயிரின் குருத்துப்பூச்சி அந்துகளையும் தத்துப்பூச்சிகளையும் பிடிப்பது விவசாயிகள் நன்கறிந்த முறை. காமிராவின் அருகே எரியும் விளக்கும் அவ்வாறே ஒரு பொறியாகிவிடுகிறது. பறக்கும் பூச்சிகள் வெளிச்சமுள்ள பக்கத்திற்கு முதுகைத் திருப்பிப் பறக்கும் இயல்புடையவை. திறந்த வெளியில் வானத்தின் வெளிச்சம் அவற்றை நிலைதவறாமற் செலுத்துகிறது. விளக்கருகில் வந்ததும் அவ்வியல்பே அவற்றை அங்கேயே சுற்றிச் சுழலச் செய்கிறது. 2024ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனை விளக்கிற்று.

ஒளியின் நிறமும் கவனிக்கத்தக்கது. நீலம் மிகுந்த வெண்ணிற ஒளி பூச்சிகளை மிகுதியாய் ஈர்க்கும். மஞ்சள் ஒளி குறைவாகவே ஈர்க்கும். இருளில் படம் பிடிக்கக் காமிராக்கள் உபயோகிக்கும் அகச்சிவப்பு ஒளி பெரும்பாலும் 850 அல்லது 940 நானோமீட்டர் அலைநீளமுடையது; அது பூச்சிகளின் கண்ணுக்குப் புலப்படாது. எனினும் கண்ணாடிக்கு மிக அண்மையில் பறக்கும் சிறு பூச்சியும், ஒற்றைச் சிலந்தி இழையுங்கூட அவ்வொளியைத் திருப்பி வீசுவதால், படத்தில் பெரிய வெண்புகைபோற் காணப்படும். கருவி அதனை ஆள் நடமாட்டமென்று கொள்கிறது.

இதற்குரிய உபாயங்கள் வருமாறு:

1. காமிராவின் பக்கத்தில் வெண்ணிற விளக்கு எரியலாகாது. காமிராவுடன் இணைந்த வெள்ளை விளக்கு இருப்பின் அதனை அணைத்து, அகச்சிவப்பு முறையில் மட்டும் இயக்க வேண்டும்.

2. வெளிச்சம் அவசியமாயின், மஞ்சள் நிற எல்.இ.டி. பல்பைக் காமிராவிலிருந்து 10 அல்லது 15 அடி தள்ளி அமைக்கலாம். ஆள் வரும்போது மட்டும் எரியும் விளக்கு மேலும் நலம்.

3. இயலுமாயின், காமிராவிலுள்ள அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, தனி அகச்சிவப்பு விளக்கொன்றைச் சில அடி விலக்கிப் பொருத்தலாம். அப்போது கண்ணாடியருகே பறக்கும் பூச்சி படத்தில் ஒளிர்வது பெரிதும் குறையும்.

4. வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் இருமுறை, ஒட்டடையை நீக்கி, தூசியை மெல்லிய தூரிகையால் தட்டியபின், ஈரமான மென்துணியால் கண்ணாடியைத் துடைத்தல் வேண்டும்.

5. மனித உருவத்தை மட்டும் இனங்காணும் வசதி காமிராவில் இருந்தால் அதனை இயக்கி, வாயிலும் வரப்பும் மட்டுமே எச்சரிக்கை எல்லைக்குள் அடங்குமாறு குறிக்க வேண்டும்.

காமிராவின்மீது பூச்சிமருந்து தெளிப்பது கூடாது. கண்ணாடி மங்குவதுடன், தொழுவத்திலுள்ள மாடுகளுக்கும் தீங்கு நேரக்கூடும். சிலந்தியைக் கொல்லவும் வேண்டுவதில்லை. நெல்வயலில் தத்துப்பூச்சிகளைத் தின்று பயிரைக் காப்பது அதுவே. வலையை மட்டும் நீக்கினாற் போதும். வயலில் விளக்குப்பொறி வைப்போர் அதனைக் காமிராவின் பார்வைக்கு அப்பால் வைத்து, முன்னிரவில் மட்டும் எரித்தல் நன்று. இரவு முழுவதும் எரித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் மிகுதியாய் மடியும்.

இவற்றுட் பெரும்பாலானவை செலவில்லாதவை. வீண் எச்சரிக்கை மிகும்போது அதனை நிறுத்துமுன், விளக்கின் இடத்தையும் கண்ணாடியின் சுத்தத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பதே உடைமையைக் காக்க விரும்பும் விவசாயிக்கு உகந்த முறையாகும்.