வருமான வரி வழக்கா? 2025 ஜனவரி 31 வரை டைம் இருந்தது!

மதுரை காளவாசலில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2022-ல் அவரிடம் வருமான வரித்துறை ₹3 லட்சம் கூடுதல் வரி கேட்டது. வட்டி, அபராதம் தனி. மேல்முறையீடு செய்தார். கேஸ் நகரவே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் மத்திய அரசு இன்னும் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தது.

என்ன திட்டம்?

'விவாத் சே விஸ்வாஸ் 2024'. அக்டோபர் 1-ல் தொடங்கியது. வரியை மட்டும் கட்டியவர்களுக்கு வட்டி, அபராதம் தள்ளுபடி செய்யப்பட்டது.

எது நீட்டிப்பு?

குறைந்த தொகைக்கான கெடு டிசம்பர் 31, 2024 ஆக இருந்தது. அதை ஜனவரி 31, 2025 ஆக மாற்றி டிசம்பர் 30-ல் சுற்றறிக்கை வந்தது.

தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஜனவரி 31-க்குள் விண்ணப்பித்திருந்தால் நம்ம கடைக்காரர் கட்ட வேண்டியிருந்தது ₹3 லட்சம். பிப்ரவரி 1 முதல் அது 110 சதவீதம், அதாவது ₹3.30 லட்சம் ஆனது. ஒரே நாள் தாமதம், ₹30,000 கூடுதல்!

2020 ஜனவரி 31-லோ அதற்கு முன்போ தொடங்கி, அதே மேல்முறையீட்டு அமைப்பில் நின்ற வழக்குகளுக்கு இது 110 சதவீதத்திலிருந்து 120 ஆனது.

யாருக்குக் கிடைத்தது?

2024 ஜூலை 22 அன்று மேல்முறையீடு நிலுவையில் இருந்திருக்க வேண்டும். ரெய்டு அடிப்படையில் போடப்பட்ட வரிக்கு சலுகை இருக்கவில்லை.

எதைக் கவனிக்க வேண்டியிருந்தது?

ஆன்லைனில் படிவம் 1 தாக்கல் செய்தபின், 15 நாளில் கட்ட வேண்டிய தொகைக்குச் சான்றிதழ் வர வேண்டியிருந்தது. அடுத்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டியிருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு இருந்தால், அதை விண்ணப்பித்தவரேதான் வாபஸ் வாங்க வேண்டியிருந்தது. வழக்கில் ஜெயிக்கும் வாய்ப்பு பலமாக இருந்தவர்கள், அவசரப்படாமல் ஆடிட்டரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆனால், ஜனவரி முடிவதற்குள் கேட்க வேண்டியிருந்தது.